யூரிக்ளியா நழுவவிட்ட கால்

ஹோமரின் ஒடிசியில், 19ஆம் காண்டத்தில், யூரிக்ளியா என்னும் கிழவி ஒரு வெண்கலச் சருவத்தை எடுத்து வருகிறாள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கும் ஒடிசியஸின் கால்களை அவள் கழுவவேண்டும். வந்திருப்பது தான் வளர்த்த பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறாள், பிறகு வெந்நீர் சேர்த்து விளாவுகிறாள். ஒடிசியஸ் சட்டென்று அடுப்பு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி இருட்டுப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். முழங்காலுக்கு மேலே ஒரு பழைய தழும்பு, காட்டுப்பன்றி கிழித்தது. அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பயம். கண்ணில் படவில்லை, கையில் பட்டுவிடுகிறது. தடவியவுடனே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, காலை விட்டுவிடுகிறாள். கால் சருவத்துக்குள் விழ, வெண்கலம் கணீரென்கிறது. பாத்திரம் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் தரையெல்லாம் கொட்டுகிறது.

அந்தக் 'கணீர்' கிரேக்கத்தில் 'கனகேஸெ' என்ற வினை. பெயர்ச்சொல்லாக்கினால் 'கனகே': உலோகம் அடிபட்டு எழுப்பும் ஓசை. இதே சருவத்தை எண்பது வரிகளுக்கு முன்னால் கிழவி எடுத்தபோது ஹோமர் அதற்கு ஒரு அடைமொழி கொடுத்திருந்தார்: 'பம்ஃபனோஒன்', முழுவதும் ஒளிர்வது. ஒளிர்ந்த பாத்திரம்தான் ஒலிக்கிறது. நடுவில் உள்ள எண்பது வரிகளில் தழும்பு வந்த கதை முழுவதையும், தாத்தா வீடு, விருந்து, வேட்டை என்று சொல்லி முடித்துவிட்டு, கிழவியின் கையிலேயே நம்மைக் கொண்டுவந்து விடுகிறார்.

நான் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவுக்குப் பிறகு கல்லாவில் உட்காருவதும் நான்தான். அதனால் இந்தக் காட்சியில் என் கண் ஒடிசியஸின் தழும்புக்குப் போவதற்கு முன்னால் சருவத்துக்குப் போய்விடுகிறது. தண்ணீர் நிறைந்த சருவத்தைத் தட்டினால் வெறும் சருவத்தின் நாதம் வராது. தொனி இறங்கும், சீக்கிரம் அடங்கும். ஹோமர் அதை நீட்டி முழக்கவில்லை. ஒரே ஒரு வினைச்சொல், அடுத்த வரியில் பாத்திரம் சாய்ந்துவிட்டது, தண்ணீர் போய்விட்டது. பாத்திரம் தெரிந்தவர் எழுதியது என்று நான் நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த ஒடிசியஸின் மனைவி பெனலோப்பிக்கு இது எதுவுமே தெரியவில்லை. அதீனா தேவி அவள் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டாளாம். கிழவி பெனலோப்பியை ஏறிட்டுப் பார்க்கிறாள், ஒடிசியஸ் பாய்ந்து கிழவியின் கழுத்தைப் பிடிக்கிறான். அத்தனை பெரிய இரகசியம் ஒரு பாத்திரச் சத்தத்தில் உடைய இருந்தது.

எனக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர். குருமடத்தில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் நடத்தியவர். எனக்காக ஹோமருக்கு இறங்கி வந்திருக்கிறார். இல்லை, ஏறி வந்திருக்கிறார் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஹோமரின் கிரேக்கம் அவருக்கே சில இடங்களில் மூச்சு வாங்க வைக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் கணினி வழியாக வகுப்பு. 'கனகே' வந்த அன்றைக்கு நான் சொல்ல வாயெடுப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: "கணகண என்பதோடு முடிச்சுப் போடாதீர்கள் அம்மா." இதைப் படிப்பவர்களுக்கும் அதேதான். உலோகம் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கத்துகிறது. அதைக் கேட்டு வாய் போடும் சத்தமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தமிழிலிருந்து கிரேக்கம் பிறந்தது என்று யாரும் இந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். அதுபோலவே ஒலிக்கும் ஒளிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்ற விளையாட்டையும் நான் விளையாடப் போவதில்லை. பள்ளியில் ல, ள கற்றுக்கொண்டபோது பட்டதே போதும்.

எனக்குச் சொல்லவேண்டியது வேறு. ஹோமரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், அவர் பார்வைக்குரிய சொல்லைச் செவிக்குக் கொடுக்கிறார், செவிக்குரியதைப் பார்வைக்குக் கொடுக்கிறார், இது புலன் மயக்கம், கவித்துவம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது மயக்கமாகவே தெரியவில்லை. வெண்கலம் என்ற பொருளோடு பழகியவருக்கு மின்னலும் நாதமும் ஒரே இடத்திலிருந்து புறப்படுபவை.

கொஞ்சம் தொழில் பேசிவிடுகிறேன். செம்பு தனியாகச் சிவப்பு, மெத்தென்று இருக்கும், தட்டினால் பெரிய நாதம் இல்லை. அதோடு வெள்ளீயம் சேரச் சேர நிறம் வெளுக்கிறது, உலோகம் இறுகுகிறது, நாதம் கூடுகிறது. நூற்றுக்குப் பத்து பங்கு வெள்ளீயம் இருந்தால் வாள், ஈட்டி செய்யலாம். பழைய உலகத்து ஆயுத வெண்கலம் பெரும்பாலும் அந்த அளவுதான். இருபதைத் தாண்டினால் மணி வார்க்கலாம். அது நன்றாக ஒலிக்கும், கீழே போட்டால் உடையும். எந்த வெள்ளீயம் வெண்கலத்தை வெளுக்க வைக்கிறதோ அதே வெள்ளீயம்தான் அதைப் பாட வைக்கிறது. காரீயம் கலந்தால் நாதம் செத்துவிடும். அதனால்தான் எங்கள் கடையில் பழைய வாடிக்கையாளர்கள் பாத்திரத்தை முதலில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள், பிறகு விரல் நகத்தால் சுண்டிக் காதருகே வைப்பார்கள். விலை கேட்பது அதற்குப் பிறகுதான்.

இப்போது ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டுக்கு, கிரேக்கர் திராய் நகரத்தோடு போரிட்ட கதைக்கு, வருகிறேன். 2ஆம் காண்டத்தில் கிரேக்கப் படை திரள்கிறது. அவர்களுடைய வெண்கலத்திலிருந்து எழுந்த ஒளி, 'ஐக்லே', வான்வெளி வழியாக விண்ணை எட்டியது என்கிறார் ஹோமர். அந்த ஒளிக்கும் அடைமொழி அந்தச் சருவத்தின் அடைமொழிதான்: 'பம்ஃபனோஓஸா'. 17ஆம் காண்டத்தில் செத்து விழுந்த கிரேக்க வீரன் பத்ரோக்ளஸின் உடலுக்காகச் சண்டை நடக்கிறது. அங்கே இரும்பு இரைச்சல் வான்வெளி வழியாக வெண்கல விண்ணை எட்டியது என்கிறார். விண்ணை எட்டியது என்பதற்கு இரண்டு இடத்திலும் 'ஊரனோன் ஹீகே' என்ற ஒரே சொற்கட்டு. வழியும் ஒன்றேதான், வான்வெளி. ஒரு முறை போனது ஒளி, மறு முறை போனது இரைச்சல். 'வெண்கல விண்' என்பதைக் கவனியுங்கள். கீழே தட்டினால் மேலே அதிரும்.

16ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் ஏஜாக்ஸ் கப்பலைக் காத்து நிற்கிறான். எதிரிகள் எறியும் ஈட்டிகள் தலைக்கவசத்தில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. பளபளக்கும் கவசம் நெற்றிப்பொட்டைச் சுற்றிப் பயங்கரமாகக் 'கனகே' எழுப்பிக்கொண்டிருந்தது என்று ஒரு வரி. 'பளபளக்கும்' என்பதற்கு அங்கே ஒரு தேவையும் இல்லை என்று தோன்றலாம். காது கிழியும் இடத்தில் பளபளப்பு எதற்கு? யாப்புக்காக வைத்த அடைமொழி என்பார்கள். யாப்புக்காகத்தான் இருக்கட்டும். ஆனால் அந்தக் கவசத்துக்குள் தலையை வைத்திருப்பவனுக்கு அதன் ஓசை. வெளியே நின்று எறிபவனுக்கு அதன் ஒளி. ஒரே வரியில் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மனிதன் தெரிகிறான். இடது தோள் கேடயம் தாங்கி ஓய்ந்துபோயிருக்கிறது என்பது அதற்கடுத்து வருகிறது.

முதல் காண்டத்து அப்போலோவையும் விட்டுவிட முடியாது. கோபத்தோடு ஒலிம்பஸிலிருந்து இறங்குகிறான், தோளில் அம்புகள் கலகலக்கின்றன. அந்த ஓசைக்குச் சொல் 'க்ளங்கே'. கொக்குக் கூட்டம் வானத்தில் கத்திக்கொண்டு போவதும் ஹோமரில் 'க்ளங்கே'தான். அப்போலோ எப்படி வந்தான்? இரவைப்போல வந்தான். ஒளியின் கடவுள் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தவன் இருட்டாக வருகிறான். உட்கார்ந்து அம்பு விடுகிறான். 'வெள்ளி வில்லிலிருந்து பயங்கரமான க்ளங்கே எழுந்தது'. இரவுக்குள் ஒரே ஒரு வெள்ளி, அதுவும் ஓசையாக வருகிறது. வெள்ளிக்குக் கிரேக்கத்தில் 'ஆர்கூரோஸ்'. அதன் வேர் 'வெண்மையாக ஒளிர்தல்'. சமஸ்கிருதத்து 'அர்ஜுன' என்பதும் அதே வேர்ச்சொல் குடும்பம்தான், வெண்ணிறத்தவன் என்று பொருள். இந்த உறவு ஒப்பியல் இலக்கணக்காரர்கள் ஒத்துக்கொண்டது, வாட்ஸ்அப் உறவு இல்லை. அதே குடும்பத்து 'ஆர்கோஸ்' கிரேக்கத்தில் ஒளிர்வதையும் குறிக்கும், விரைவையும் குறிக்கும். ஒடிசியஸுக்காகக் குப்பைமேட்டில் படுத்துக் காத்திருந்து, அவனைப் பார்த்த பிறகு உயிரை விட்ட நாய்க்கும் அதுதான் பெயர்.

ஆனாலும் இந்தச் சொற்களிலெல்லாம் என்னை அசைத்தது ஒன்றுதான்: 'அரிஸேலோஸ்'. மிகத் தெளிவாகத் தெரிவது என்று பொருள். கண்ணுக்குத் தெரிவதற்கான சொல். இலியட்டின் 22ஆம் காண்டத்தில் திராய் மன்னன், கிழவன் பிரையம் மதில்மேல் நின்று பார்க்கிறான். சமவெளியில் கிரேக்க மாவீரன் அக்கிலீஸ் ஓடி வருகிறான். வேட்டைக்காரன் ஓரியனின் நாய் என்று சொல்லப்படும் நட்சத்திரம் போல மின்னுகிறான். இரவின் நடுவே எத்தனையோ நட்சத்திரங்களுக்கிடையில் அதன் கதிர்கள் 'அரிஸேலோய்'. மிகப் பிரகாசமானது, ஆனால் தீய அறிகுறி, மனிதருக்குக் காய்ச்சலைக் கொண்டுவருவது. நட்சத்திரத்துக்கு அந்தச் சொல் பொருத்தம்தான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

18ஆம் காண்டத்தைப் பாருங்கள். அக்கிலீஸின் உயிர்த்தோழன் பத்ரோக்ளஸ் இறந்துவிட்டான். அவன் அணிந்துபோன அக்கிலீஸின் கவசம் திராய் இளவரசன் ஹெக்டரிடம் இருக்கிறது. ஆயுதமில்லாமல் சண்டைக்குப் போகமுடியாது. "அகழி வரைக்கும் போய் உன்னைக் காட்டிக்கொள், போதும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதீனா அவன் தலையைச் சுற்றிப் பொன்மேகம் ஒன்றைப் போர்த்தி, அதிலிருந்து நெருப்பை மூட்டுகிறாள். அந்த நெருப்புக்கு அடைமொழி? மறுபடியும் 'பம்ஃபனோஓஸா', யூரிக்ளியாவின் சருவம். பகைவர் முற்றுகையிட்ட ஒரு தீவில், பகலில் புகை தெரிகிறது, பொழுது சாய்ந்ததும் வரிசையாகத் தீப்பந்தங்கள் எரிகின்றன, அக்கம்பக்கத்தார் பார்த்துக் கப்பலோடு உதவிக்கு வரமாட்டார்களா என்று. அதுபோல் அவன் தலையிலிருந்து ஒளி எழுந்தது என்கிறார் ஹோமர்.

பிறகு அக்கிலீஸ் அகழியருகே நின்று கத்துகிறான். உடனே இன்னோர் உவமை. அதுவும் பகைவர் முற்றுகையிட்ட நகரம்தான். இம்முறை எக்காளம் ஊதுகிறார்கள். அந்த எக்காளத்தின் ஓசை 'அரிஸேலே'. இரண்டு வரி தள்ளி, அதுபோல் அக்கிலீஸின் குரலும் 'அரிஸேலே'. நட்சத்திரத்தின் கதிருக்கு இருந்த அதே சொல். ஒரே முற்றுகைக்கு முதலில் ஒளிச்சைகை, பிறகு ஒலிச்சைகை. ஹோமர் உவமையை மாற்றவில்லை. தீப்பந்தத்தை வைத்துவிட்டு எக்காளத்தை எடுக்கிறார், அவ்வளவுதான். அந்தக் குரலை 'வெண்கலக் குரல்' என்றும் சொல்கிறார். திராயர்கள் அந்த வெண்கலக் குரலைக் கேட்டதும் குதிரைகள் தேரோடு திரும்புகின்றன. தேரோட்டிகள் அந்த நெருப்பைப் பார்த்து வெலவெலக்கிறார்கள். மூன்று முறை கத்தினான், பன்னிரண்டு பேர் தங்கள் தேர்களிலும் ஈட்டிகளிலும் சிக்கியே செத்தார்கள். ஒருவர் மீதும் அவன் ஆயுதம் படவில்லை, அவனிடம் ஆயுதமே இல்லை.

வெண்கலக் குரல் என்றவுடன் தமிழ் வாசகருக்கு யார் நினைவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கே. பி. சுந்தராம்பாளையும் சீர்காழி கோவிந்தராஜனையும் நாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். ஐம்பது பேர் சேர்ந்து கத்தும் அளவுக்குக் குரல் கொண்டவன் என்று இலியட்டின் 5ஆம் காண்டத்தில் வரும் ஸ்டெண்டருக்கும் 'கல்கேஓஃபோனோஸ்', வெண்கலக் குரலோன் என்ற அடைமொழி உண்டு. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இரு நாட்டிலும் வெண்கலத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். தமிழில் அதைவிடச் சுவையானது 'பளீர்'. பளீரென்று வெயில் அடித்தது என்கிறோம், பளீரென்று ஓர் அறை விட்டார் என்கிறோம். எந்தப் பளீர் முதலில் வந்தது என்று யாராவது நம்மைக் கேட்டால் முழிப்போம். அக்கிலீஸின் குரலும் அப்படித்தான் விழுந்திருக்கும், தேரோட்டியின் முகத்தில்.

ஒளியும் ஓசையும் மோதிக்கொள்ளும் இடத்தில் கிரேக்கர் சில சமயம் சிரிப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இலியட்டின் 19ஆம் காண்டத்தில் படையின் ஒளி விண்ணை எட்ட, வெண்கலத்தின் மின்னலில் பூமியெல்லாம் சிரித்தது. ஹீசியட்டின் கவிதையில் கலைத்தேவியர் பாடுகிறார்கள். அவர்களுடைய அல்லிக்குரல் பரவ, தேவர்களின் அரசன், இடிமுழங்கும் ஜீயஸின் மாளிகை சிரிக்கிறது. முதல் சிரிப்பு ஒளியால், இரண்டாவது ஓசையால். 'அல்லிக்குரல்' என்று நான் மொழிபெயர்த்தது 'லெய்ரியோஎஸ்ஸா'. 'லெய்ரியோன்' என்றால் அல்லியினத்து வெண்மலர். இலியட்டில் திராய் நகரத்துக் கிழவர்கள் மதில்மேல் உட்கார்ந்து, மரத்துச் சில்வண்டுகள்போல, இதே மலர்க்குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் ஹெக்டர், "உன் அல்லித் தோலை என் ஈட்டி தின்னும்" என்று ஏஜாக்ஸை மிரட்டுகிறான். ஏஜாக்ஸின் மேனிக்கும் சில்வண்டின் சத்தத்துக்கும் ஒரே மலர்! சில்வண்டின் சத்தம் அவர்களுக்கு இனிமை என்பதை நினைவில் வையுங்கள். நமக்கு அது தலைவலி.

இங்கேதான் அரிஸ்டாட்டில் குறுக்கே வருகிறார். 'தோப்பிக்கா' என்ற நூலில், ஒரே சொல் எத்தனை பொருளில் வருகிறது என்று கண்டுபிடிக்க வழி சொல்கிறார். அதற்கு அவர் எடுக்கும் எடுத்துக்காட்டே குரல்தான். வெள்ளை நிறம் என்கிறோம், வெள்ளைக் குரல் என்கிறோம். கறுப்பு நிறம், கறுப்புக் குரல் என்றும் சொல்கிறோம். வெள்ளைக்குக் கிரேக்கத்தில் 'லெயுகோஸ்'. பெயர் ஒன்று, பொருள் வேறு என்கிறார். காரணம், நிறத்தை அறிவது கண், ஓசையை அறிவது காது. ஒரே புலனால் அறிய முடியாதவை ஒரே வகை ஆகாது. அத்தோடு விடவில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே நிறத்தில் சாம்பல் இருக்கிறது; குரலில் நடுவே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, வேண்டுமானால் சிலர் சொல்கிறபடி 'ஸொம்ஃபோஸ்', கம்மிய குரல், இருக்கலாம் என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறார்.

அந்தக் கம்மிய குரலை நான் மிகவும் ரசித்தேன். இவ்வளவு கறாராகப் பிரித்த மனிதர், சாம்பலுக்கு இணையாகக் குரலில் ஒன்றைத் தேடிப் போயிருக்கிறார் பாருங்கள். இரண்டும் முற்றிலும் வேறென்றால் ஏன் தேடவேண்டும்? 'ஆன்மா பற்றி' என்ற நூலிலும் இதே கதைதான். ஓசையில் கூர்மை, கனம் என்பவை தொட்டறியும் பொருள்களிலிருந்து மாற்றி எடுத்துக்கொண்ட சொற்கள் என்கிறார். கூர்மைக்குச் சொல் 'ஒக்ஸூஸ்'. ஹோமர் இதே சொல்லை வெயிலுக்குப் போட்டிருக்கிறார்: 17ஆம் காண்டத்தில் மேகமில்லாத ஒரு மூலையில் கூரான சூரிய ஒளி பரந்திருந்தது. கத்தி, குரல், வெயில் மூன்றுக்கும் ஒன்றுதான். அரிஸ்டாட்டிலுக்கு எதிராக நான் வழக்காட வரவில்லை. பகுப்பதற்கு அவர் வழி சரி. ஆனால் ஒரு சொல்லைப் பிறந்த வீட்டிலிருந்து வேறு வீட்டுக்குப் போனதாகவே எப்போதும் பார்ப்பது எனக்கு ஒட்டவில்லை. 'லாம்ப்ரோஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் நட்சத்திரத்துக்கும் அதுதான், தெளிவான குரலுக்கும் அதுதான், நைல் நதியில் படகை எதிர்நீச்சல் போட வைக்கும் வேகமான காற்றுக்கு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் போட்டதும் அதுதான். காற்றில் கண்ணுக்கு என்ன இருக்கிறது? சுற்றிலும் உள்ளவற்றிலிருந்து தனித்து எழுந்து, தூரத்தைக் கடந்து வந்து நம்மைத் தாக்குவது எதுவோ அது லாம்ப்ரோஸ். அதற்குக் கண், காது, தோல் என்ற கணக்கு கிடையாது.

நாடகக்காரர்கள் அரிஸ்டாட்டிலுக்கு முன்பே இதை எல்லை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கி.மு. 467இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் தீப்ஸ் நாடகத்தில், நகரைச் சுற்றிக் கேடயங்கள் மோதும்போது பெண்கள், "ஓசையைக் காண்கிறேன்" என்று அலறுகிறார்கள். சோஃபோக்ளீஸில் பனி மூடிய பர்னாசஸ் மலையிலிருந்து தெய்வவாக்கு 'ஒளிர்ந்தது'. அவர் முதுமையில் எழுதி, இறந்த பிறகு மேடையேறிய கடைசி நாடகத்தில் குருட்டு ஈடிப்பஸ், "சொல்வார்களே, அதுபோல் நான் குரலால் பார்க்கிறேன்" என்கிறான். 'சொல்வார்களே' என்பது எனக்கு முக்கியம். புதிதாகக் கண்டுபிடித்த அலங்காரமாக அவன் அதைப் பேசவில்லை. ஊரில் புழங்கும் பேச்சாகப் பேசுகிறான்.

சந்தையில் இதற்கு இன்னும் நேரடியான சாட்சி இருக்கிறது. 'கோதோன்' என்றால் மணி. அதிலிருந்து 'கோதோனிஸோ' என்று ஒரு வினை: தட்டி, ஒலிக்கவைத்துச் சோதித்தல். கி.மு. 405இல் அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' நாடகத்தில் பாடற்குழு ஏதென்ஸ் மக்களைத் திட்டுகிறது. நல்ல குடிமக்களை ஒதுக்கிவிட்டுப் போக்கிரிகளைப் பதவியில் வைக்கிறீர்கள், நாணயத்திலும் அதைத்தான் செய்கிறீர்கள்: சரியாக அச்சடித்த, ஒலித்துச் சோதித்த பழைய காசுகளைப் புழங்காமல் நேற்று முந்தாநாள் அடித்த மட்டமான செம்புக்காசுகளைப் புழங்குகிறீர்கள். பின்னணி, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த நீண்ட போர். கி.மு. 413இல் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஏதென்ஸுக்கு அருகே தெக்கெலெயாவில் கோட்டை கட்டி உட்கார்ந்த பிறகு லௌரியோன் சுரங்கத்து வெள்ளி ஏதென்ஸுக்கு வருவது அடைபட்டுப் போனது. ஆந்தை பொறித்த அந்த நான்கு திராக்மாக் காசு சுமார் 17 கிராம் வெள்ளி. உள்ளே செம்பு வைத்து வெள்ளி பூசினால் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றுவது கடினம். எங்கள் தாத்தா கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் துண்டு வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

போர் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு, கி.மு. 375/4இல், ஏதென்ஸ் இதற்கென்றே சட்டம் போட்டது. அந்தச் சட்டம் பொறித்த கல்லை 1970இல் பழைய சந்தைவெளி அகழாய்வில் எடுத்தார்கள். நாணயம் மாற்றுபவர்களின் மேசைகளுக்கு நடுவே ஓர் அரசு அடிமை உட்கார்ந்து காசுகளைச் சோதிக்கவேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும். அது தேவர்களின் தாய்க்குச் சொந்தம். சோதிப்பவன் தன் இடத்தில் உட்காரவில்லை என்றால் அவனுக்கு ஐம்பது சவுக்கடி. ஏதென்ஸின் பணத்துக்குப் பொறுப்பு ஓர் அடிமையின் கண்ணும் காதும். ஐம்பது சவுக்கடியையும் அவனுக்கே வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தட்டிப் பார்க்கும் பழக்கம் தத்துவத்துக்குள்ளும் போயிருக்கிறது. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ், ஒரு கொள்கையைத் தட்டிப் பார்த்து, அது நன்றாக ஒலிக்கிறதா, விரிசல் விட்டு ஒலிக்கிறதா என்று பார்ப்போம் என்கிறார். இன்னொன்றில் மேடைப் பேச்சாளர்களை வெண்கலப் பாத்திரம் என்கிறார்: ஒரு தட்டு தட்டினால் யாராவது கைவைத்து நிறுத்தும் வரைக்கும் ஒலித்துக்கொண்டே இருப்பார்களாம். ஃபாதர் இதை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பவுலடிகளுக்கு வந்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் அன்பில்லாத பேச்சு 'கல்கோஸ் ஏகோன்'. தமிழ் வேதாகமத்தில் 'சத்தமிடுகிற வெண்கலம்'. வெண்கலத்துக்குப் பேர்போன ஊருக்கு அந்தக் கடிதம் போனது என்பதை நான்தான் அவருக்கு நினைவூட்டினேன். கி.மு. 146இல் அந்தக் கொரிந்து நகரை உரோமானியத் தளபதி மும்மியஸ் அழித்தபோது, அங்கிருந்த அரங்கில் ஓசை எதிரொலிக்க வைத்திருந்த வெண்கலப் பாத்திரங்களை உரோமுக்குக் கொண்டுபோய், விற்ற பணத்தை நிலவுத் தெய்வத்தின் கோயிலுக்குக் காணிக்கையாக்கினான் என்று கட்டடக்கலை பற்றி எழுதிய உரோமானியர் விட்ருவியஸ் எழுதுகிறார். கொள்ளையடித்த நாதம் நிலாவின் உண்டியலில் விழுந்தது.

இப்போது எங்கள் வகுப்பில் ஓடும் சண்டைக்கு வருகிறேன். ஜீயஸுக்கு 'எவுரூஒபா' என்று ஓர் அடைமொழி இருக்கிறது. 'எவுரூ' என்றால் அகன்ற, பரந்த. பின்பாதிதான் சிக்கல். கிரேக்கத்தில் குரலுக்கு 'ஒப்ஸ்' என்று குறிலில் ஒரு சொல். கண், முகம், தோற்றம் என்பவற்றுக்கு நெடிலில் ஒரு சொல். பரந்து பார்ப்பவனா, பரந்து ஒலிப்பவனா? அகராதி இரண்டையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குறிலை வைத்துத் தீர்க்கலாம் என்றால், கலைத்தேவி கல்லியொபேயின் பெயர் குறில், 'அழகுக் குரலாள்'. வட்டக்கண்ணன் கூக்லோப்ஸ் நெடில். அதுவரை நன்றாகவே போகிறது. ஆனால் ஹோமரின் புகழ்பெற்ற மதுநிறக் கடல் 'ஓய்னொப்ஸ்' என்பதும் குறில்தான். கடலுக்கு மதுவின் குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆக, குறில் சாட்சி செல்லாது.

அடைமொழிகளை எண்ணிப் பார்த்தாலும் தீரவில்லை. உயரத்தில் முழங்குபவன், பேரிடியன் என்று ஓசைப் பெயர்கள் ஜீயஸுக்கு உண்டு. மின்னல் எறிபவன், வெண்மின்னலோன் என்று ஒளிப் பெயர்களும் உண்டு. நான் குரல் கட்சி. இலியட்டின் 8ஆம் காண்டத்தில் ஐடா மலையிலிருந்து ஜீயஸ் பலமாக இடித்தான், பிறகு எரியும் ஒளியைக் கிரேக்கர் நடுவே எறிந்தான் என்று வருகிறது. வானத்தில் நாம் பார்க்கும் வரிசைக்கு நேர் எதிராக, இடி முன்னால், மின்னல் பின்னால். ஹோமருக்கு ஜீயஸ் என்றால் முதலில் வருவது குரல் என்று வாதாடினேன். ஃபாதர் கண் கட்சி. அவர் அமைதியாக 17ஆம் காண்டத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். அங்கே மின்னிவிட்டுத்தான் இடிக்கிறான்.